கூத்துப் பெட்டி (ஆர்மோனியம்) ஒன்று வாங்கியிருக்கிறேன். 41 வயதில் எங்கிருந்து தொடங்குவது?

மண்டிக்கணக்கு (பாலக்கோடு):

எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். விடிவதற்கு முன்னே வேலை தொடங்கிவிடும், மதியத்துக்கு மேல் கை காலி.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போதெல்லாம் வேஷக்காரரைப் பார்த்ததைவிடப் பெட்டிக்காரரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ராத்திரி பூராவும் அசையாமல் உட்கார்ந்து வாசிப்பார். கட்டியங்காரன் ஏதாவது கேலி பேசினால் அதற்கும் இரண்டு கட்டையை அமுக்கிப் பதில் சொல்வார். அப்படி ஒருவர், இனிமேல் ராத்திரி கண் விழிக்க உடம்பு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, அவருடைய ஆர்மோனியத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார். டபுள் ரீடு பெட்டி (ரீடு என்பது உள்ளே அதிர்ந்து சத்தம் தரும் பித்தளை நாக்கு). தேக்குப் பலகை, ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது.

எனக்கு மேடை ஏறும் ஆசை கிடையாது. மதியம் வீட்டில் உட்கார்ந்து நானே வாசித்து நானே கேட்க வேண்டும், அவ்வளவுதான். சந்தேகங்கள் இவை. துருத்தியைத் தள்ளினால் சத்தம் ஒரு நேரம் பெரிதாகவும் ஒரு நேரம் சிறிதாகவும் வருகிறது. கை பழகாததா, பெட்டியில் கோளாறா? ஒரு கட்டை ஊமையாக இருக்கிறது. கிருஷ்ணகிரி அரசு இசைப்பள்ளியில் சேரலாமா? சின்னப் பிள்ளைகள் மாதிரி சரளி வரிசையிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

ஓசூர்_இரண்டாம்_ஷிஃப்ட்:

அண்ணா, பழைய பெட்டியோடு மல்லுக்கட்டாமல் ஒரு கீபோர்டு வாங்கிவிடுங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லை. சுருதியை ஒரு பட்டனில் மாற்றலாம், ரிப்பேர் என்கிற பேச்சே கிடையாது. வேலை முடிந்து வந்து ராத்திரி 12 மணிக்கு நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

காரிமங்கலம்_டீச்சர்:

தம்பி, பெட்டியை விட்டுவிடாதீர்கள். ஓசூர்த் தம்பி சொல்வது அவருக்குச் சரி. நடு ராத்திரி வாசிக்கிறவருக்கு ஹெட்போன் வேண்டும். உங்களுக்கு மதியம் முழுக்கக் கிடக்கிறது, கையில் கூத்தில் உழைத்த பெட்டி இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு ஆர்மோனியம் வாசித்தவள், ஓய்வு பெற்ற பிறகு பஜனை மடத்தில் வாசிக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெட்டியைப் பார்ப்போம். வெளியே நீங்கள் தள்ளுகிற துருத்தி நேராக ரீடுக்குக் காற்று கொடுப்பதில்லை. பெட்டிக்குள்ளே இன்னொரு துருத்தி இருக்கிறது, ஸ்பிரிங் அதை அழுத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் தள்ளுகிற காற்று அங்கே போய்ச் சேர்ந்து, அங்கிருந்துதான் ரீடுக்குப் போகிறது. அதனால்தான் கையை ஒரு நொடி நிறுத்தினாலும் நல்ல பெட்டியில் சத்தம் அறுந்து போகாது. சோதனை சுலபம். முன்பக்கக் குமிழ்களை எல்லாம் உள்ளே தள்ளி மூடிவிட்டு, எந்தக் கட்டையையும் தொடாமல் துருத்தியை அடியுங்கள். கொஞ்ச நேரத்தில் கைக்கு எதிர்த்து நிற்க வேண்டும். நிற்காமல் தொளதொளவென்று போய்க்கொண்டே இருந்தால் எங்கோ காற்று கசிகிறது. பெரும்பாலும் மடிப்பு ஓரத்தில்தான் இருக்கும். எலி அங்கேதான் கடிக்கும்.

ஊமைக் கட்டைக்குப் பயப்பட வேண்டாம். பித்தளை நாக்குக்கும் அதன் தகட்டுக்கும் நடுவில் ஒரு தூசி உட்கார்ந்தாலே ரீடு பேசாது. மண்டிப் புழுதி ஊரில் கேட்கவே வேண்டாம். மெல்லிய தாள் ஒன்றை அந்த நாக்கின் அடியில் மெதுவாக நுழைத்து எடுத்தால் பல நேரம் வாய் திறந்துவிடும். ஆனால் ஊசி, பிளேடு எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். நாக்கின் நுனியில் கொஞ்சம் சுரண்டினாலும் சுருதி ஏறிவிடும், அடியில் சுரண்டினால் இறங்கிவிடும். சுருதி சேர்ப்பவர்கள் அப்படித்தான் சேர்க்கிறார்கள், அது அவர்கள் கைக்குத்தான் வரும். மடிப்பு கிழிந்திருந்தால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ ரயிலில் கொண்டுபோய் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே ஏறலாம்.

அரசு இசைப்பள்ளியில் 12 முதல் 25 வயதுக்காரர்களைத்தான் சேர்ப்பார்கள். மூன்று வருடப் படிப்பு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று பாடங்கள். ஆர்மோனியம் அதில் இல்லை. அதனால் என்ன? பெட்டியைக் கொடுத்தாரே, அவர் உயிரோடுதானே இருக்கிறார்? அவர் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள். அந்தப் பெட்டியின் எந்தக் கட்டை கனம், எந்தக் கட்டை லேசு என்று அவர் விரலுக்குத் தெரியும். அதைவிட நல்ல வாத்தியார் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.

இப்போது கை. முதல் சில நாள் ராகம், பாட்டு எதுவும் வேண்டாம். இடது கையில் துருத்தி, வலது கையில் ஸ மட்டும். துருத்தியை அகலமாகத் திறந்து பட்டென்று அடிக்காதீர்கள். பாதி திறந்து, நிதானமாகத் தள்ளி, அதே நிதானத்தில் விடுங்கள். நீங்கள் எப்போது தள்ளுகிறீர்கள் என்று கண்ணை மூடிக் கேட்பவருக்குத் தெரியக் கூடாது. அந்த ஸ ஒரே கனத்தில் நிற்கும் நாளில் பாதி ஆர்மோனியம் உங்களுக்கு வந்துவிட்டது. அவசரப்பட்டு விரலுக்கு ஓடுகிறவர்கள் பல வருடம் ஆனாலும் திக்கித் திக்கித்தான் வாசிக்கிறார்கள்.

அப்புறம் சரளி வரிசை. ஒழுங்காகக் கற்க மாயாமாளவகௌளை ராகம்தான் வழி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெள்ளைக் கட்டைகளுக்கு ஸ-ரி-க வரிசையில் 1 முதல் 7 வரை எண், நடுவில் வரும் கறுப்புகளுக்கு 1½, 2½, 4½, 5½, 6½. ஸ-வை 1 கட்டையில் வைத்தால் 1, 1½, 3, 4, 5, 5½, 7, மேல் 1. தினமும் கொஞ்சம் வாசியுங்கள். ஆனால் உங்கள் சந்தோஷத்துக்காகக் கற்கிறீர்கள் அல்லவா, அதற்கு இன்னொரு வாசல் உண்டு. கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். வெள்ளையைத் தொடவே வேண்டாம். 4½-ஐ ஸ-வாக வைத்துக் கறுப்பிலேயே ஏறி இறங்கினால் அது மோகனம். அதே கறுப்புகள்தான், 5½-ஐ ஸ ஆக்கினால் மத்யமாவதி. 6½-ல் தொடங்கினால் இந்தோளம். 1½-ல் சுத்த சாவேரி. 2½-ல் சுத்த தன்யாசி. ஐந்தே கட்டையில் ஐந்து ராகம்! எங்கே விரலை வைத்தாலும் அபசுரம் வராது என்பதால் பயமில்லாமல் விளையாடலாம். ஒவ்வொன்றிலும் ஸ-வில் வந்து நின்று நின்று போங்கள், அப்போதுதான் ராகத்தின் முகம் தெரியும். உங்களுக்குத் தெரிந்த தாலாட்டோ கும்மிப் பாட்டோ இதில் எங்காவது வந்து உட்கார்ந்துகொள்ளும். தேடிப் பிடிக்கிற சுகத்தை யாரும் சொல்லிக் கெடுக்கக் கூடாது, நானும் சொல்லமாட்டேன்.

அரூர்_வயலின்:

டீச்சர் சொன்னது அழகு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆர்மோனியத்தில் கமகம் வராது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் வழுக்கிப் போக முடியாது. 1940-ல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்தைத் தடை செய்ததற்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. 1971-ல்தான் தடையைத் தளர்த்தினார்கள். தோடி மாதிரி ராகத்தை இதில் பழகினால் காது தவறாகப் பழகிவிடும். அண்ணன் கூடவே வாயால் பாடியும் பழக வேண்டும்.

காரிமங்கலம்_டீச்சர்:

பாடிப் பழகச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கட்டையை அமுக்கும்போதே அந்த சுரத்தை வாயிலும் சொல்ல வேண்டும். தோடியையும் இந்தப் பெட்டியில் தேட வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வானொலி தடை செய்திருந்த அந்த 31 வருடமும் நம் பக்கத்துக் கூத்தும் நாடகமும் பஜனையும் இந்தப் பெட்டியை வைத்துத்தான் நடந்தன. திறந்த வெளியில், மிருதங்கத்துக்கும் தாளத்துக்கும் நடுவில், விடிய விடியப் பாடுகிறவனுக்குச் சுருதி நழுவாமல் பிடித்துக்கொடுக்க வேறு என்ன இருந்தது? அதைக் குறைந்த வாத்தியம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

மண்டிக்கணக்கு (பாலக்கோடு):

டீச்சர், உங்களுக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன். சோதித்துப் பார்த்தேன். துருத்தி எதிர்த்து நிற்கிறது, கசிவு இல்லை. அப்படியானால் ஏற்ற இறக்கம் என் கையால்தான். தாள் நுழைத்ததும் ஊமைக் கட்டை பேசிவிட்டது! மகள் கைதட்டினாள். பெட்டிக்காரரிடமும் கேட்டேன், அமாவாசை கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.

கறுப்புக் கட்டையில் மோகனம் வாசித்தேன். உள்ளே அடுப்படியில் இருந்த வீட்டுக்காரம்மா ஒரு மாரியம்மன் பாட்டை அதோடு சேர்ந்து முணுமுணுத்தார். ஆனால் 4½ அவருக்கு இறக்கமாக இருக்கிறதாம், கொஞ்சம் மேலே வை என்கிறார். எனக்கு 1½-தான் பாட வசதி. இரண்டு பேருக்கும் மோகனமே வேண்டுமென்றால் எப்படி?

காரிமங்கலம்_டீச்சர்:

பெண் குரலுக்கு 5, 5½, 6 என்று போகும், ஆண் குரலுக்கு 1, 1½, 2. இது வழக்கமான வித்தியாசம்தான்.

உங்களுக்கு 1½-ல் சுத்த சாவேரி கறுப்பிலேயே கிடைக்கிறது இல்லையா, அதில் ஒரே ஒரு விரலை மாற்றுங்கள். 4½-ஐ விட்டுவிட்டு அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கிற வெள்ளையை, அதாவது 4-ஐ, அமுக்குங்கள். 1½, 2½, 4, 5½, 6½. மத்யமம் போய்க் காந்தாரம் வந்துவிட்டது, மோகனம் ஆகிவிட்டது.

அவர்களுக்கு 5½-ல் வையுங்கள். 5½, 6½, மேல் 1, மேல் 2½, மேல் 4. இதில் வெள்ளை இரண்டு வரும். கட்டை விரலைக் கறுப்பில் போடாமல் அந்த வெள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கை தானாகத் திரும்பும். அவர்கள் பாடும்போது எல்லா சுரத்தையும் துரத்திக்கொண்டு வாசிக்க வேண்டாம். தொடக்கத்தில் ஸ-வும் ப-வும் மட்டும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு துருத்தியைக் கவனியுங்கள். 5½-ம் மேல் 2½-ம். பாட்டு நின்று மூச்சு வாங்குகிற இடத்தில் மட்டும் ஒரு வரியை விரலில் சொல்லுங்கள்.

ஓசூர்_இரண்டாம்_ஷிஃப்ட்:

டீச்சர், கறுப்புக் கட்டை விஷயம் கீபோர்டிலும் அப்படியே வருகிறது. இந்தோளம் வாசித்துக்கொண்டே இருக்கிறேன், தூக்கம் வரவில்லை. அண்ணா, பெட்டிக்காரரிடம் போகும் நாளைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் ரயிலேறி வருகிறேன்.