சுத்த ஈயம் வார்த்தால் ஜிக் ஹெட் பொன்னிறமும் நீலமுமாக வருகிறது, ஏன்?

முத்துநகர்_தூண்டில்:
வணக்கம். கொடுவாய், செப்பிலி மீன்களுக்கு 20 கிராம் ஜிக் ஹெட்டை (ஈயத் தலை வார்த்த தூண்டில் முள்) மொட்டை மாடியில் நானே வார்க்கிறேன். இதுவரை டயர் கடையில் கழித்துப் போட்ட, சக்கரத்தைச் சமன் செய்ய மாட்டும் பேலன்ஸ் ஈயம்தான், வெள்ளி மாதிரி வரும். இந்த முறை காயலான் கடையில் பழைய டெலிபோன் கேபிளின் ஈய உறை கிடைத்தது. நகத்தால் கீறினாலே கோடு விழுகிறது. உருக்கிக் கசடை வழித்ததுமே மேலே பொன்னிறம் ஓடி, கண்ணெதிரிலேயே ஊதாவாகி நீலமாகிறது. அச்சைத் திறந்தால் ஜிக் தலையிலும் அதே நிறம். ஏதாவது கலந்திருக்கிறதா? இதன்மேல் பெயின்ட் பிடிக்குமா?

பழவேற்காடு_பாறை:
தம்பி, கலப்படமே இல்லை. சுத்த ஈயம் என்பதால்தான் இந்த நிறம். சூடான ஈயத்தின் மேல் காற்று பட்டதும் மெல்லிய ஆக்சைடு படலம் படிகிறது. தண்ணீரில் மிதக்கும் டீசல் போலத்தான், படலத்தின் தடிமனுக்கு ஏற்ப நிறம் மாறும். முதலில் பொன், தடிக்கத் தடிக்க ஊதா, நீலம். பேலன்ஸ் ஈயத்தில் கொஞ்சம் வெள்ளீயமும், ஆன்டிமனி என்ற உலோகமும் இருக்கும், அதனால் அதில் இப்படிப் பளிச்சென்று தெரியாது.

நிறம் இவ்வளவு வேகமாக ஓடுகிறதென்றால் அடுப்பு அதிகம் எரிகிறது. ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், 370 பக்கம் வைத்தால் போதும். வழிப்பதற்கு முன் துண்டு மெழுகுவர்த்தி போட்டு, தள்ளி நின்று கிளறுங்கள், கசடு தனியே பிரியும். நிறமே வேண்டாமென்றால் கிலோவுக்கு 35 கிராம் 60/40 சால்டர் கம்பி (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம் கலந்த பற்றவைப்புக் கம்பி) சேருங்கள், அச்சின் மூலை முடுக்கெல்லாம் நன்றாக நிறையும். பெயின்ட் தாராளமாகப் பிடிக்கும், கைப்பிசுக்கு மட்டும் இருக்கக் கூடாது.

அச்சைக் கட்டாயம் சூடாக்குங்கள். குளிர்ந்த அச்சில் ஜிக் சுருக்கம் விழுந்து வரும், அதிகம் சூடானால் மேற்பரப்பு உறைபனி படிந்ததுபோல் மங்கும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஆவியாகி ஈயம் முகத்தில் தெறிக்கும். கண்ணாடி போடாமல் கரண்டியைத் தொடாதீர்கள்.

உப்பங்கழி:
அண்ணன் சொன்னது சரி. நிறத்தை விட வெள்ளைப் பொடிக்குத்தான் நான் பயப்படுவேன். வார்த்த ஜிக்கை மரப்பெட்டியில் மூடி வைத்தால் மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரித்து, வெள்ளையாகப் பூத்துவிடும். அது ஈயக் கார்பனேட், வயிற்றுக்குள் போனால் விஷம். ஊதித் தட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வார்த்ததுமே பெயின்டோ வார்னிஷோ பூசி பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். உருக்கிய சட்டி திரும்பச் சமையலறைக்குள் போகவே கூடாது. வழித்த கசடும் ஈயத்தூள்தான், மூடி போட்ட தகர டப்பாவில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இன்னொன்று, பேலன்ஸ் கட்டிகளில் இப்போது துத்தநாகமும் வருகிறது. அது 419 டிகிரியில்தான் உருகும். சூட்டை 370-இல் வைத்தால் உருகாமல் மிதக்கும், எடுத்துப் போட்டுவிடலாம். தவறி உருகிக் கலந்தால் ஈயம் கஞ்சி போலாகி அச்சில் இறங்காது. பழைய பேட்டரி ஈயம் யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், அதன் கசடில் ஈரம் பட்டால் விஷவாயு வரும்.

முத்துநகர்_தூண்டில்:
நன்றி அண்ணா, இருவருக்கும். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 460 காட்டியது. 370-க்கு இறக்கியதும் ஜிக் தலை வெள்ளியாகவே வந்தது, ஊற்றுவாயில் நறுக்கும் துண்டில் மட்டும் லேசாகப் பொன்னிறம். சால்டர் சேர்க்கவில்லை, முள்ளைச் சுற்றி மெத்தென்று இருப்பதே எனக்குப் போதும். மரப்பெட்டியில் கிடந்த பழைய ஜிக்குகளில் வெள்ளை பூத்திருந்தது, துடைத்து டப்பாவுக்கு மாற்றிவிட்டேன்.