அடுத்த வீட்டுப் பாட்டி கேட்ட கேள்வி: நம் விசுவாசத்தைச் சொல்ல நேர்ந்த அனுபவங்கள்

நிபோங் திபால் ஆசிரியை:

மலேசியாவில், ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) எங்களுக்கும் அந்தப் பாட்டி வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். தோட்டத்தை விட்டு தாமான் (புதுக் குடியிருப்பு) வீட்டுக்கு வந்தபோதும் அடுத்தடுத்த வீடாகவே அமைந்தது. பாட்டி முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். ஆடித் திருவிழா முடிந்ததும் மாரியம்மன் கோயிலிலிருந்து தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவருவார். அம்மா வாங்கி வைத்துக்கொள்வார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த வருடம் வாசலிலேயே நின்று, "படைத்தது எங்களுக்கு ஆகாது பாட்டி" என்று சொல்லிவிட்டேன். விசுவாசத்துக்குச் சாட்சி சொன்னதாக அன்று எனக்குள் ஒரு நிறைவு. பாட்டி சட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு வேலியோரப் பேச்சு நின்றது. பொங்கலும் வரவில்லை.

பல வருடம் கழித்து அம்மா இறந்தார். முதல் ஆளாக வந்து எங்கள் அடுப்பை மூட்டியவர் அந்தப் பாட்டிதான். அடக்கம் முடிந்த சில வாரங்களில் ஒரு சாயங்காலம் மெதுவாகக் கேட்டார்: "குளித்து முழுகி ஆக்கிய சோறு. எங்கள் கை அவ்வளவு தீட்டா, கண்ணு?"

எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. நான் படையலைப் பற்றிப் பேசியிருந்தேன். அவரோ சிறு வயதில் சிலர் வீட்டு வாசலில் தனிக் குவளையில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர். "ஆகாது" என்ற சொல் அவர் காதில் எங்கே போய் விழுந்திருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு சொன்னேன்: "சோற்றிலும் குறையில்லை, உங்கள் கையிலும் குறையில்லை. இயேசு ஒருவரையே வழிபடுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடுவது அந்த வழிபாட்டிலும் பங்கெடுப்பதாக என் மனத்துக்குப் படுகிறது. நீங்கள் விரத நாளில் என் வீட்டுக் கோழிக்குழம்பைத் தொடமாட்டீர்கள். அதற்காக நான் கோபித்துக்கொள்வேனா?" பாட்டி வெகுநேரம் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

இது கொரிந்து பட்டணத்திலேயே எழுந்த கேள்வி. அப்போஸ்தலர் பவுல் அந்த ஊர்ச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 8, 10 ஆம் அதிகாரங்களில் இதைத்தான் பேசுகிறார். விசுவாசியல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால் பரிமாறுவதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு. இது படைக்கப்பட்டது என்று யாராவது சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காக விட்டுவிடு என்கிறார். வேறு முடிவுக்கு வந்த கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. பேதுருவின் முதல் நிருபம் 3:15, நம் நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவருக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லச் சொல்கிறது. பதிலை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அந்த இரண்டு சொற்களும் என்னிடம் இல்லாமல் போயின.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

செம்பனை ஆலையிலிருந்து:

என்னிடம் வந்த கேள்வி: "உங்களுக்கு மூன்று கடவுளா?" கேட்டவர் கூட வேலை செய்யும் அண்ணன், தீவிர முருக பக்தர். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதற்கு, ஒரே நீர் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று இருப்பது போல என்று ஞாயிறு பள்ளியில் கற்றதைச் சொன்னேன். "அப்படியென்றால் ஒருவரே மூன்று வேஷம் போடுகிறாரா? இயேசு ஜெபித்தபோது தமக்குத் தாமேயா பேசிக்கொண்டார்?" என்றார். வாயடைத்துப் போனேன்.

எங்கள் போதகரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த வேஷக் கருத்தை ஆதித் திருச்சபையே தவறு என்று தள்ளியிருக்கிறது. குமாரன் படைக்கப்பட்டவர் என்ற வாதம் வந்தபோது, பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று கி.பி. 325இல் ஆயர்கள் கூடிய நைசியா சங்கம் அறிக்கையிட்டது. மறுநாள் அண்ணனிடம், "நேற்று சொன்ன உதாரணம் தவறு" என்று தொடங்கினேன். மாற்கு 12:29இல் கடவுள் ஒருவரே என்பதை இயேசுவே முதல் கட்டளையாகச் சொல்வதைக் காட்டினேன். 'குமாரன்' என்பது உடலால் பெற்ற உறவைக் குறிப்பதன்று. என்றென்றும் உள்ள உறவைக் குறிக்கும் சொல் என்றேன். முழுதாக விளங்கவைக்க என்னால் முடியாது என்றும் ஒப்புக்கொண்டேன். தவறு என்று நானே திரும்பி வந்து சொன்னதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. இப்போது கந்த சஷ்டியைப் பற்றி நான் கேட்கிறேன், அவர் சொல்கிறார்.

முஸ்லிம்களான மலாய் நண்பர்களும் கேட்பதுண்டு. நம் மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 11ஆவது விதி, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதை மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்த இடம் தருகிறது. பண்டிகை என்ன, ஏன் கொண்டாடுகிறோம் என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

அன்னம்மாள் பக்தை:

நான் கத்தோலிக்கர். ஜூலை 26 திருவிழாவுக்காக புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு என் இந்துத் தோழியும் வருவாள், என்னோடு மெழுகுவத்தி ஏற்றுவாள். "அன்னம்மாளும் மாரியாத்தாள் மாதிரி ஒரு சாமிதானே?" என்றாள். சும்மா தலையாட்டியிருந்தால் அன்றைய நாள் இனிமையாகப் போயிருக்கும். ஆனாலும் சொன்னேன்: அவர் மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி, ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, அன்னம்மாளிடம் நமக்காக வேண்டிக்கொள்ளக் கேட்கிறோம். அவர் பெயர் விவிலியத்தில் இல்லை, பழைய மரபில் வருகிறது என்பதையும் மறைக்கவில்லை. "சரி, பாட்டியிடம் கேட்டால் நடக்கும்" என்று சிரித்துக்கொண்டே ஏற்றினாள். அடுத்த வருடமும் வந்தாள்.

லயத்து மகள்:

நான் கிறிஸ்தவர் அல்ல. எழுதலாமா என்று தயங்கினேன். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒருவர், "உங்கள் அப்பா இப்போது எங்கே இருக்கிறார் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். நான் அவரிடம் எதையும் கேட்கவில்லை. எட்டு வருடமாகியும் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. ஆசிரியை அக்காவின் பாட்டியைப் படித்தபோது அழுதுவிட்டேன்.

நிபோங் திபால் ஆசிரியை:

தங்கச்சி, எங்களில் ஒருவர் உன் அப்பாவின் காரியத்தில் அப்படிப் பேசியதற்காக நான் வெட்கப்படுகிறேன். மன்னித்துக்கொள்.

பாட்டியைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. அந்தப் பேச்சுக்குப் பிறகு வந்த ஆடியில் மறுபடியும் தூக்குச்சட்டியோடு வந்தார். படையலுக்கு எடுத்துவைக்கும் முன்பே எனக்கென்று தனியாக ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்திருந்தாராம். "இது இன்னும் அம்மனுக்குக் காட்டாதது, தைரியமாகச் சாப்பிடு" என்றார். வாசல் படியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.