சிசேரியன் தேவைக்கு மேல பண்றாங்களா?

பொங்கோல்அக்கா: என் தங்கச்சிக்கு தலைப்பிரசவம், தனியார் ஆஸ்பத்திரி, 39வது வாரத்துல 'குழந்தை ரொம்ப பெருசு, இடுப்பு தாங்காது'ன்னு சொல்லி ஆபரேஷன் பண்ணிட்டாங்க, பிறந்தப்ப பாத்தா வெறும் 3.2 கிலோ. உலக சுகாதார நிறுவனம் 1985லயே 10லருந்து 15 சதவீதம் போதும்னு சொன்னாங்க, இப்ப உலகத்துல அஞ்சுல ஒரு பிரசவம் ஆபரேஷன்தான். வயித்தெரிச்சலா இருக்கு.

ஈசூன்செந்தில்: அக்கா, அதே நிறுவனம் 2015ல சதவீதத்த துரத்தாதீங்க, தேவைப்படுற ஒவ்வொருத்தருக்கும் கிடைக்கணும்னு சொல்லியிருக்கு. என் மனைவிக்கு நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயையே மூடியிருந்துச்சு, ஆபரேஷன் இல்லன்னா ரெண்டு பேருமே இல்ல.

பொங்கோல்அக்கா: அத யாரு தம்பி வேணாம்னா? தமிழ்நாட்டுல 2019-21 குடும்ப நல சர்வேல தனியார்ல கிட்டத்தட்ட 64 சதவீதம், அரசு ஆஸ்பத்திரில 36. அதே ஊரு, அதே பொம்பளைங்க, வாசல் மாறினா தேவை இவ்ளோ மாறுமா?

ஈசூன்செந்தில்: ஊர் கணக்க இங்க சிங்கப்பூர்ல ஒட்டாதீங்க. இங்க லேட் கல்யாணம், 35க்கு மேல முதல் பிள்ளை, கர்ப்பத்துல சர்க்கரை, இதெல்லாம் சேந்தா ஆபரேஷன் கூடத்தான் செய்யும். நம்மாளுங்களே ஜோசியர்கிட்ட நட்சத்திரம் பாத்து டைம் குறிச்சிட்டு வராங்களே, அதுக்கும் டாக்டரா பொறுப்பு?

ஜூரோங்மலர்: லேபர் வார்டுல வேலை பாத்தவ நான். நட்சத்திரம் கேக்குறவங்க கொஞ்ச பேர்தான். வயித்துல பெல்ட்ட கட்டி விடாம குழந்தையோட ஹார்ட்பீட் பாத்துட்டே இருந்தா கோடு லேசா இறங்கினாலும் எல்லாருக்கும் பதறும், அப்படியே ஆபரேஷன் தியேட்டருக்கு போயிடும், ரிஸ்க் இல்லாதவங்களுக்கு அப்பப்ப காது வச்சு கேட்டாலே போதும். குழந்தை தலைகீழா திரும்பலன்னா வெளிய இருந்தே கையால திருப்பலாம், பாதி பேருக்கு திரும்பிடும், ஆனா எத்தன பேருக்கு அத சொல்றாங்க? அக்கா, தங்கச்சிய ஆபரேஷன் ரிப்போர்ட் கேட்டு வாங்கி வைக்க சொல்லுங்க, கர்ப்பப்பைல குறுக்கு வெட்டா நெடுக்கு வெட்டான்னு அதுலதான் இருக்கும். கீழ குறுக்கு வெட்டுன்னா அடுத்தது நார்மலுக்கு முயற்சி பண்ணலாம், நாலுல மூணு பேருக்கு கிட்ட நடக்குது.

ஈசூன்செந்தில்: தழும்பு கிழிஞ்சா? 200ல ஒருத்தருக்கு ஆகுதாமே, அந்த ஒருத்தி என் மனைவியா இருந்தா? ரெண்டாவதுக்கும் நான் ஆபரேஷன்தான் கேப்பேன்.

ஜூரோங்மலர்: கேளுங்க தம்பி, ஆனா முடிவு அவங்களோடது. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அடுத்த நஞ்சுக்கொடி பழைய தழும்புல ஒட்டிக்கிற ஆபத்து கூடிக்கிட்டே போகும், ஒட்டிக்கிச்சுன்னா கர்ப்பப்பையவே எடுக்க வேண்டி வரலாம். இத அவங்ககிட்ட யாராச்சும் உக்காந்து சொன்னாங்களா?