புதுப்பிப்பு: விரிபோணி வர்ணம், இரண்டாம் காலம்

பைரவி ராகத்தில் அமைந்த ‘விரிபோணி’ வர்ணத்தை இரண்டாம் காலத்தில் (இரட்டிப்பு வேகத்தில்) பாடும்போது தாளம் நழுவுகிறது, விட்டுவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். விடவில்லை. கொழிஞ்சாம்பாறையில் என்னோடு பாட்டுக்கு வரும் தோழி என்னை விட விடவில்லை.

அட தாளம், 14 அட்சரம் (எண்ணிக்கை): ஐந்தைந்தாய் இரண்டு லகு (ஒரு தட்டு, பிறகு விரல் எண்ணுவது), பிறகு இரண்டிரண்டாய் இரண்டு துருதம் (தட்டும் வீச்சும்). இரண்டாவது லகுவில்தான் நான் ஓடுவேன். “பாடாதடி, சாகித்தியத்தைச் சும்மா சொல்லு” என்று எதிரே உட்கார்ந்துகொள்வாள். தட்டு முடிந்து சுண்டுவிரல் வருமுன் நான் அடுத்த எழுத்துக்குத் தாவினால், என் விரலைப் பிடித்து நிறுத்துவாள். அந்தப் பிடி இப்போது உள்ளேயே இருக்கிறது.

‘த’ சுவரமான தைவதம்தான் இன்னும் பாடுபடுத்துகிறது. ஏறும்போது சதுஸ்ருதி (சற்று உயர்ந்த ‘த’), இறங்கும்போது சுத்தம் (சற்றுத் தாழ்ந்த ‘த’). ‘நி த ப’ இறங்கும்போது அவள் குரலைக் கேட்டுத்தான் சரிசெய்துகொள்கிறேன். அப்போது அகாரத்தில் (சொல் இல்லாமல் ‘ஆ’ என்று) பாடச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி, நல்ல பலன்.

முக்தாயி சுவரம் (வர்ணத்தின் முன்பாதி முடியும் இடம்) வரை இரண்டு காலமும் நிற்கிறது. பின்பாதியில் வரும் எத்துக்கடை சுவரங்கள் பாக்கி. அது முடிந்ததும் குருவாயூர் செம்பை சங்கீதோற்சவத்துக்கு இருவரும் விண்ணப்பிக்கிறோம். அங்கே பாடியவர்கள் இருந்தால், எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று சொல்லுங்களேன்.