தஸ்காவில் (மலேசியக் குழந்தைப் பராமரிப்பு நிலையம்) மூன்று கைக்குழந்தைக்கு ஓர் ஆள்: இந்த விதி தேவையா?

செந்தூல் அப்பா:
தஸ்கா கட்டணம் தாங்க முடியவில்லை. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்கிறது விதி. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). மூன்றால் வகுத்துப் பாருங்கள், தலைக்கு 560 வெள்ளிக்கு மேல் சம்பளத்துக்கே போய்விடும். வாடகை, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) எல்லாம் தனி. எங்கள் பிளாட்டில் ஓர் அக்கா ஒண்டியாக ஆறு பிள்ளைகளைப் பார்க்கிறார். என் மகளும் அங்கேதான். பெற்ற பிள்ளை மாதிரி பார்க்கிறார், பதிவு மட்டும் இல்லை. அவர் செய்வது குற்றமா?

பிறை டீச்சர்:
தம்பி, 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம் அக்காவை விரட்டவில்லை. பல குடும்பங்களிலிருந்து, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ கட்டணத்துக்கு வந்தால் பதிய வேண்டும். பத்துக்குக் குறைவென்றால் வீட்டுத் தஸ்காவாகவே சமூகநல இலாகாவில் பதியலாம்.

தஸ்காவில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். ஐந்து கைக்குழந்தையோடு ஒருத்தி தனியாக நின்றால், ஒன்றுக்குப் பெம்பர்ஸ் மாற்றும்போதே இன்னொன்று பசியில் வீறிடும். அவசரத்துக்குப் பால் போத்தலைத் தலையணையில் முட்டுக்கொடுத்து வாயில் வைத்துவிட்டுத் திரும்புவாள். மனசு கெட்டவள் இல்லை, கை போதவில்லை. புரையேறினால் அந்தப் பிள்ளைக்குப் போத்தலைத் தள்ளிவிடத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் ஓர் ஆள்.

கெப்போங் அம்மா:
பதிவு என்றால் அலைச்சல். அந்த அக்கா வயதில் இருப்பவர்கள் மலாய் விண்ணப்பப் பாரம் நிரப்பவே துணை தேடுவார்கள். பதிவு பெற்ற இடத்திலும் பிள்ளைக்கு அடி விழுந்த செய்தி வருகிறதே?

பிறை டீச்சர்:
வருகிறது. ஆனால் பதிவு இருந்தால் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது, பதிவையே ரத்து செய்யலாம். பெற்றோருக்கு 3,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவும் உண்டு.

செந்தூல் அப்பா:
வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இருந்தால்தானே டீச்சர் கழிவு?

பிறை டீச்சர்:
சரி, அது நியாயம். அந்த ஆறில் கைக்குழந்தை எத்தனை?

செந்தூல் அப்பா:
இரண்டு. என் மகளுக்குப் பத்து மாதம். மற்ற நான்கும் ஒன்றரை, இரண்டு வயது.

பிறை டீச்சர்:
ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐந்து பேருக்கு ஒருவர். அங்கே இரண்டு பேர் நிற்க வேண்டும் தம்பி. தவழும் பிள்ளைக்கும் ஓடும் பிள்ளைக்கும் நடுவில் ஒருத்தியால் முடியாது. பாரத்தை நான் நிரப்பித் தருகிறேன், அக்காவிடம் பேசுங்கள்.

செந்தூல் அப்பா:
அக்காவின் மகள் வீட்டில்தான் இருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன். கட்டணம் ஏறினால் என்னால் முடியாது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.