தூக்கை ஒழித்தது சில்வர்மனா, வில்சன் அரசா?

பழுவூரான்: "அமைச்சர் பதவியில்லாத பின்வரிசை எம்.பி. என்றால் தலையாட்டி பொம்மை. பிரிட்டனில் தூக்கை ஒழித்தது பிரதமர் வில்சனின் தொழிற்கட்சி அரசு. சிட்னி சில்வர்மன் மசோதாவில் பெயர் போட்டுக்கொண்டவர், அவ்வளவுதான்" என்று தென்கரை நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சில்வர்மன் 1935 முதல் நெல்சன்-கோல்ன் தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி. ஒருநாளும் அமைச்சர் இல்லை. 1948இல் தூக்கை ஐந்தாண்டு நிறுத்திவைக்கத் திருத்தம் கொண்டுவந்தார். சொந்தக் கட்சி உள்துறை அமைச்சரே எதிர்த்தும் மக்களவையில் 245–222இல் ஜெயித்தார். மேலவையான பிரபுக்கள் சபை 181–28 என்று தள்ளிவிட்டது. 1956இல் மறுபடி மசோதா. மறுபடி பிரபுக்கள், 238–95. இதுவா பொம்மை?

தென்கரை: தோற்ற கதை எதற்கு இத்தனை நீளம்? 1964இல் மசோதாவை விவாதிக்க நாடாளுமன்றத்தில் நேரம் ஒதுக்கியது யார்? அரசு. அரசின் திட்டங்களைச் சொல்லும் மகாராணி உரையிலேயே இருக்கிறது. முடிந்தது.

பழுவூரான்: 1956இலும் ஒதுக்கினார்கள், அதுவும் ஈடனின் கன்சர்வேட்டிவ் அரசு. ஏன் ஒழியவில்லை? பந்தல் போட்டவன் மாப்பிள்ளை ஆகிவிடுவானா?

தென்கரை: 1964இல் நேரம் ஒதுக்கியது யார் என்று கேட்டேன்.

கோடைமழை: ஒழித்தது, ஒழித்தது என்கிறீர்களே, 1965 சட்டம் ஐந்தாண்டு நிறுத்தம்தான். நிரந்தரமானது 1969 டிசம்பரில். சில்வர்மன் 1968இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வட அயர்லாந்தில் 1973 வரை கொலைக்குத் தூக்கு சட்டத்தில் இருந்தது.

பழுவூரான்: வந்துவிட்டார் கணக்குப்பிள்ளை. அந்த ஐந்தாண்டு வரம்பைச் செருகியவர் ஹென்றி புரூக், கன்சர்வேட்டிவ்காரர். 1964 ஆகஸ்ட் 13 காலை லிவர்பூலில் ஒருவர், மான்செஸ்டரில் ஒருவர். அதற்குப் பிறகு அங்கே யாரையாவது தூக்கில் போட்டார்களா?

தென்கரை: போன மாதம் முன்னாள் பிரதமர் அட்லி பற்றிப் பேசும்போதும் இப்படித்தான் எண்களை அள்ளி வீசினீர்கள். கேட்டதற்குப் பதில் வராது.

பழுவூரான்: போன மாதம் அட்லியை 1950லேயே தோற்கடித்தவர் நீங்கள்தானே!

வெண்ணிலவன்: சில்வர்மேன் என்று எழுதலாமே.

பழுவூரான்: நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் துப்பாக்கி ஏந்த மாட்டேன் என்று சிறைக்குப் போனவர் அவர். 1954இலும் 1961இலும் கட்சிக்கு எதிராக நின்றதால் ஒதுக்கி வைக்கப்பட்டவர். அரசு மசோதா என்றால் 1964 டிசம்பரில் கொறடா உத்தரவு எங்கே? அவரவர் மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டுத்தான் 355–170 வந்தது. 1966 தேர்தலில் தூக்கு வேண்டும் என்றே ஒருவர் எதிர்த்து நின்று ஐயாயிரத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். வில்சன் தொகுதியிலா நின்றார்? நெல்சனில்! செய்தது யார் என்று கோபப்பட்டவருக்குத் தெரிந்திருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை.

தென்கரை: ஓட்டு கிடக்கட்டும். நேரம்?

கோடைமழை: வட அயர்லாந்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பழுவூரான்: அட்லி தோற்றது 1951. முதலில் அதைத் திருத்துங்கள் தென்கரை, அப்புறம் நேரம் கேட்கலாம்.