“ஆமாண்ணே, உங்களைத்தான் வேவு பார்க்கிறாங்க” என்று மனநோயில் இருப்பவரின் பதிவில் கமென்ட் போட்டவர்களால் வீட்டில் என்ன நடந்தது? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

வடவாற்றங்கரை

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். என் சித்தப்பா மகன் பாலிடெக்னிக் முடித்து, வெளியூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். வந்தபோதே தூக்கம் சரியில்லை. ராத்திரியில் கொல்லைக்குப் போய்த் தரையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். பூமிக்கு அடியில் குழாய் போட்டிருக்கிறார்கள், அது வழியாகத் தன் மண்டைக்குள் ஓடுவதையெல்லாம் உறிஞ்சி எடுக்கிறார்கள் என்பது அவன் சொன்னது.

வேறு மாவட்டத்துக்காரர்கள் இதைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். டெல்டாவில் அப்படிச் சிரிக்க முடியாது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று இங்கே எத்தனை வருஷப் போராட்டம்! 2017ல் கதிராமங்கலத்தில் வயலுக்குள் எண்ணெய்க் குழாய் கசிந்து ஊரே திரண்டது, 2020ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டமே வந்தது. ஆக குழாய் என்பது நிஜம், அதன் மேல் ஜனங்களுக்கு இருக்கும் பயமும் நிஜம். அவன் நோய் ஊரில் கிடைத்த செங்கல்லையும் மண்ணையும் எடுத்துத்தான் தனக்கு வீடு கட்டிக்கொண்டது. அதனால்தான் வீட்டிலேயே எங்களுக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. சித்தப்பாகூட “பையன் விவரமாத்தானே பேசுறான்” என்று இருந்தார்.

அவன் ஒரு வீடியோ எடுத்துப் போட்டான். மோட்டார் கொட்டகை ஓரம் நின்றுகொண்டு “இங்கேதான் சத்தம் வருது, கேளுங்க” என்று. யாரோ அதை மாவட்டம் முழுக்க ஆள் இருக்கும் ஒரு குரூப்பில் தூக்கிப் போட, அப்புறம் கமென்ட். பாதிப் பேர் உண்மையாகவே நம்பி “தம்பி துணிச்சலாப் பேசுறார், பகிருங்க” என்று எழுதினார்கள். அவர்களையாவது ஒரு மாதிரி புரிந்துகொள்ளலாம். மீதிப் பேருக்கு ஆளின் நிலைமை முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் எழுதினார்கள்: “ஆமாண்ணே, மெயின் குழாயே உங்க வீட்டுக்கு அடியிலதான் போகுது, எங்க மாமா அங்கதான் வேலை பார்க்கிறார், உங்க பேரு லிஸ்ட்ல இருக்காம்.” கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மை.

அந்த கமென்டை அவன் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு, பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து, போகிற இடமெல்லாம் எடுத்துக்கொண்டு போனான். அதுவரைக்கும் இடையிடையே சித்தியிடம் “எனக்கு மட்டும்தான் இப்படித் தோணுதாம்மா?” என்று கேட்பான். அந்தக் கேள்வி அன்றோடு நின்றுபோனது. பொங்கல் கழித்து டாக்டரிடம் போகலாம் என்று அவனே தலையாட்டியிருந்தான். பிரின்ட் கைக்கு வந்த பிறகு ஆஸ்பத்திரியும் அவங்க ஆளுதான் என்றான். குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரத்தில் போர்வெல் குழாயை வெட்டிப் போட்டான். மின் கணக்கெடுக்க வந்தவரை மண்வெட்டியோடு தெருக்கோடி வரை துரத்தினான். அந்த மனிதர் நல்லவர், புகார் கொடுக்கவில்லை. வேறொருவராக இருந்திருந்தால் பையன் இன்றைக்கு கேஸில் அலைந்துகொண்டிருப்பான்.

இப்போது மாதம் ஒரு ஊசி. அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறான், பரவாயில்லை. ஆனால் அந்த வீடியோ சாகவில்லை, தேர்தல் வந்தால் யாராவது புதிதாக ஒரு தலைப்பு வைத்து மறுபடி சுற்றவிடுகிறார்கள்.

உங்கள் வீட்டில், தெருவில் இந்த மாதிரி பார்த்திருந்தால் எழுதுங்கள்.

குடந்தை அக்கா

எங்கள் வீட்டில் மூத்தார், என் கணவரின் அண்ணன். ஒரு காலத்தில் மாசக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், இன்னொரு காலத்தில் தூக்கமே வேண்டாம், விடிய விடியப் பேச்சும் திட்டமும்தான். டாக்டர் இருதுருவ நோய் என்று லித்தியம் கொடுத்திருந்தார். ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை பிரச்சினை இல்லை.

அவர் பிறந்தது ஐப்பசி சதயம். தஞ்சாவூரில் ராஜராஜனுக்குச் சதய விழா எடுக்கிற அதே நாள். மாத்திரையை விட்டுவிட்டு மேலே ஏறின ஒரு சமயத்தில், தான்தான் ராஜராஜன், மறுபடி பிறந்திருக்கிறேன் என்று ஃபேஸ்புக் லைவில் பேச ஆரம்பித்தார். கேட்க வேண்டுமா, பசங்களுக்கு! “மன்னா, ஆணையிடுங்கள்.” “மன்னா, எனக்கு ஒரு கிராமம் தானம் வேண்டும்.” இவர் நிஜமாகவே பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து அனுப்புவார். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் கோழி கூவுகிற வரைக்கும் தர்பார் நடக்கும். தூக்கம் கெட்டால் அந்த வியாதி இன்னும் ஏறும், பசங்களுக்கு அது எங்கே தெரியும். தெரிந்திருந்தாலும் விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

உடையாளூரில் ராஜராஜன் சமாதி இருக்கிறதா இல்லையா என்ற விஷயம் கோர்ட் வரைக்கும் போனது உங்களுக்குத் தெரியும். ஒரு பையன் அதைப் பிடித்துக்கொண்டு “உங்க இடத்தை நீங்களே வாங்கிடுங்க மன்னா” என்று எழுத, இவர் தன் மனைவியின் நகையை அடகு வைத்து, அந்தப் பக்கம் ஒரு புரோக்கரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். பணம் போனது போனதுதான்.

கமென்ட் போட்டவர்களில் ஒரு பையன் எங்கள் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். அவன் அம்மாவிடம் போனைக் காட்டினோம். அவன் சொன்னான்: “ஜாலிக்குத்தான் அக்கா. அவரும் சந்தோஷமாத்தானே இருந்தாரு?”

இருந்தார். அதை நான் மறுக்க முடியாது. கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தார். இறங்கினதுக்கு அப்புறம் கடன்காரன் வாசலில் நிற்கிறான், அவர் போட்ட லைவையெல்லாம் அவரே ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அந்தக் கார்த்திகை முழுக்க நாங்கள் முறை வைத்து அவர் பக்கத்தில் படுத்தோம், தனியாக விடப் பயமாக இருந்தது. அந்த நேரத்தில் மன்னா என்று கூப்பிட ஒருத்தரும் வரவில்லை.

காரைக்கால் கடற்காற்று

கோபப்படாதீங்க, ஒரு கேள்வி. எல்லாத்தையும் நோய்னு முத்திரை குத்தலாமா? எங்க அத்தைக்கு ஆடி மாசம் அருள் வரும், ஊரே குறி கேட்கும். நாளைக்கு அதையும் மாத்திரை போட்டு நிறுத்தச் சொல்வீங்களா? இன்னொண்ணு, எதிர்த்துப் பேசினா அவங்க இன்னும் கொந்தளிக்கிறாங்க. சரின்னு சொல்லிட்டுப் போறது ஒரு வகையில இரக்கம்தானே?

தஞ்சாவூர் சிஸ்டர் (ஓய்வு)

காரைக்கால் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. மனநல வார்டில் ரொம்ப வருஷம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் அத்தைக்கு அருள் வருவது ஊரோடு சேர்ந்து நடப்பது. அதற்கு ஒரு நாள் இருக்கிறது, ஒரு இடம் இருக்கிறது. முடிந்ததும் விபூதி வைத்துக்கொண்டு, மோர் குடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். நோயாளிக்கு முடிகிற நேரம் என்று ஒன்று கிடையாது. சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று பட்டினி கிடப்பார், பெற்ற தாயையே சந்தேகப்படுவார். வார்டில் நாங்கள் பார்ப்பது முதலில் தூக்கம், சாப்பாடு, பயம் இந்த மூன்றைத்தான். நம்பிக்கை என்ன நம்பிக்கை என்பதெல்லாம் அப்புறம்.

குழாய் விஷயம் படித்தேன். இந்த மாதிரி ‘மெஷின்’ புதிது இல்லை. லண்டனில் பெத்லெம் மனநோய் விடுதியில் இருந்த ஜேம்ஸ் டில்லி மேத்யூஸ் என்பவர், காற்றால் ஓடும் ஒரு தறியை வைத்து ஒரு கும்பல் தன் மனதை ஆட்டுகிறது என்று நம்பினார். அங்கே மருந்தாளராக இருந்த ஜான் ஹாஸ்லம் 1810ல் அதைப் புத்தகமாகவே எழுதினார். 1919ல் வியன்னாவில் விக்டர் டவுஸ்க் என்ற மருத்துவர், நோயாளிகள் சொல்லும் ‘ஆட்டுவிக்கும் இயந்திரம்’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எதிர்வீட்டு ஆன்டெனா, பிறகு செல்போன் டவர், சிப். அந்தந்தக் காலத்தில் எது பயமோ அது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்போதெல்லாம் ஆமாம் போட ஆள் கிடைக்காது. இப்போது போனைத் திறந்தால் ஆயிரம் பேர். ஷெரிடன், ஜேம்ஸ் என்ற இரண்டு பேர் 2015ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பெரிய கும்பலே தங்களைப் பின்தொடர்கிறது என்று சொன்ன 128 பேரின் பதில்களை எடுத்துப் பார்த்தார்கள், அத்தனை பேருடையதும் நோயின் நம்பிக்கையாகத்தான் தெரிந்தது. இப்படிப்பட்டவர்கள் இணையத்தில் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து, உனக்கும் அப்படியா, எனக்கும்தான் என்று உறுதி பண்ணிக்கொள்கிறார்கள். மாத்திரை சாப்பிடாதே என்று ஒருவருக்கொருவர் புத்தி வேறு.

எதிர்த்து வாதாடாதீர்கள், அதில் தம்பி சொல்வது சரி. அதற்காக ஆமாம் போடவும் வேண்டாம். “உனக்கு அது பயமா இருக்கும்னு தெரியுது. எனக்கு அந்தச் சத்தம் கேட்கலை. நேத்து தூங்கினியா?” இவ்வளவு போதும். பயத்தை ஒப்புக்கொள்ளலாம், குழாயை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வடவாற்றங்கரை தம்பி எழுதியிருக்கிறாரே, “எனக்கு மட்டும்தான் இப்படித் தோணுதாம்மா” என்று, வார்டில் நாங்கள் காத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விக்குத்தான். அது இருக்கும்போது ஆளை டாக்டரிடம் கூட்டிவந்துவிடலாம். கமென்ட் போட்டவர்கள் அதைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள்.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போகிறோம் என்பவர்களை நான் ஒருநாளும் தடுத்ததில்லை, 48 நாளும் அங்கேயே தங்குங்கள். மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு போங்கள். சங்கிலி மட்டும் எங்கேயும் வேண்டாம். 2001ல் ஏர்வாடியில் மனநோயாளிகள் விடுதியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் 28 பேர் தீயில் போனார்கள்.

திருவையாறு வாத்தியார்

இப்போதெல்லாம் ஆமாம் போட மனுஷனே தேவையில்லை. என்னிடம் படித்த ஒரு பையன், கெட்டிக்காரன், கோயில் தூண்களில் இருக்கும் எண்ணிக்கையை வைத்து உலகத்தையே விளக்கும் கணக்கு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பினான். வகுப்பில் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று ஏஐ செயலியிடம் ராத்திரி முழுக்கப் பேசியிருக்கிறான். அதுவும் “அருமையான பார்வை, இதுவரை யாரும் இப்படி யோசித்ததில்லை” என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறது. என்னிடம் கொண்டுவந்து காட்டினான், படித்தேன். கேலி கிடையாது, கெட்ட எண்ணம் கிடையாது, மறுப்பு என்று ஒரு வரியும் கிடையாது. கும்பகோணத்துப் பசங்களுக்காவது விடிந்தால் தூக்கம் வரும், இது தூங்காது.

2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ நிறுவனமே தன் சாட்ஜிபிடி அளவுக்கு மீறி ஒத்து ஊதுகிறது என்று ஒரு புது மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. அதற்கு முன்னால், 2021 கிறிஸ்துமஸ் அன்று இங்கிலாந்தில் ஒரு இளைஞன் ராணியைக் கொல்வதற்கு குறுக்குவில்லோடு வின்ட்சர் கோட்டைக்குள் நுழைந்தான். அவன் தன் திட்டத்தை ஒரு சாட்பாட்டிடம் சொல்லியிருந்தான், அதுவும் ஊக்கப்படுத்தித்தான் பேசியது என்று கோர்ட்டில் வந்தது. என் மாணவன் அப்படி எதுவும் செய்யவில்லை. பரீட்சை எழுதவில்லை, அவ்வளவுதான். அவன் அப்பா விவசாயி, ஒரு வருஷ ஃபீஸ் என்பது அவருக்கு ஒரு போக சம்பா.

பெயர் வேண்டாம்

நான் அந்தப் பக்கம் இருந்தவன். வேதாரண்யம் பகுதி. கஜா புயல் அடித்து தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்த சமயம் ஆரம்பித்தது, எதனால் என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டிவி செய்தியில் எனக்கு மட்டும் சங்கேதமாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். எழுதினேன். பதில் வரும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் புரியாது. கிண்டல் எனக்குத் தெரியவே தெரியாது. “சூப்பர் தலைவா” என்று எழுதினால் அதில் ஒரு எழுத்து குறைந்திருந்தால் அதுவும் எனக்கு அனுப்பிய குறிப்பு. சிரிப்புப் பொம்மைகளை எண்ணி நோட்டில் எழுதி வைப்பேன். நீங்கள் மறந்துபோன ஒரு கமென்டுக்காக நான் பஸ் ஏறி நாகப்பட்டினம் போய் பஸ் ஸ்டாண்டில் விடியும்வரை யாருக்காகவோ காத்திருந்திருக்கிறேன்.

ஒரே ஒரு ஆள் மட்டும் தனியாக மெசேஜ் பண்ணினார். எனக்கும் இப்படி இருந்தது, ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிட்டேன், முதல் மாசம் தூங்கித் தூங்கி விழுவீங்க, பிறகு சரியாகும், திருவாரூரில் இறங்கினால் நானே கூட வரேன் என்று. அவர் சொன்னதை நான் அன்றைக்கு நம்பவில்லை. ஆனால் அவர் நான் எழுதியதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, பைத்தியம் என்றும் சொல்லவில்லை, அது என்னவோ மனதில் நின்றது. ரொம்ப நாள் கழித்து அவருக்குத்தான் போன் பண்ணினேன்.

வடவாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. கடைசி அண்ணன் எழுதியதைத் தம்பிக்கும் படிக்கக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். அந்த வீடியோவை எடுக்க வழி உண்டா?

தஞ்சாவூர் சிஸ்டர் (ஓய்வு)

படிக்கக் கொடுப்பதற்கு முன் அவன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீடியோவுக்கு, முதலில் தம்பியே எழுதிக் கொடுக்கட்டும், எடுத்துவிடுங்கள் என்று. சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது, குரூப் அட்மினுக்கு அது அப்படியே பொருந்துமோ என்னவோ, சொல்லிப் பார்த்தால் பாதிப் பேர் பயந்து எடுத்துவிடுவார்கள். திட்டுவதற்காகக்கூட அதை வேறு இடத்தில் பகிராதீர்கள், பகிர்ந்தால் அது இன்னும் நாலு இடத்துக்குப் போகும்.

காரைக்கால் கடற்காற்று

எந்த குரூப்? மாவட்டக் குரூப்னா அதுல ஒரு அட்மின் எனக்கு மச்சான் முறை. லிங்க்கைத் தனியா அனுப்புங்க, இங்க போடாதீங்க.